நாலு கிழமைக் குளிசை

கையெழுத்துப் போட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுவிஸில், இந்தக் கூர் நகரத்தில் இருக்கிற எங்கள் ஆட்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது கையெழுத்துப் போட்டவளை விட்டுவிட்டு எழுதியவரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். எழுதியவர் கடிதக்கார அண்ணை. வாசிக்காமல் கீழே பேரை எழுதிக் கொடுத்தவள் நான். நான் வாசிக்கத் தெரியாதவளும் இல்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினெட்டு வருடமாக, யாருக்கு உப்பில்லாத சாப்பாடு, யாருக்கு அரைத்த சாப்பாடு என்று ஜெர்மனில் எழுதியிருக்கிற அட்டைகளை வாசித்துத்தான் தட்டுப் போடுகிறேன். ஒரு நாளும் ஒரு தட்டு மாறினதில்லை. என் சொந்த வருத்தத்தைப் பற்றிய ஒரு பக்கத்தை மட்டும் வாசிக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

விஷயம் ஓர் உண்ணியில் தொடங்கியது. நகரத்துக்கு வெளியே, காட்டோரமாக எங்களுக்கு ஒரு சின்னத் தோட்டத் துண்டு இருக்கிறது. அதில் வெந்தயக்கீரை, போஞ்சி, மிளகாய் போடுகிறேன். ஒரு கோடையில் முழங்காலுக்குப் பின்பக்கம் ஒரு வட்டம் வந்தது. படர்தாமரை என்று நினைத்து மஞ்சள் பூசினேன். வட்டம் பெரிதாகிப் பெரிதாகி, ஒரு மாதத்தில் தானாகவே மறைந்துபோனது. "பாத்தீரோ, மஞ்சள் வேலை செய்யுது" என்று என் கணவர், தானே மருந்து கண்டுபிடித்தவர் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடித்த உண்ணியை நாங்கள் இருவருமே காணவில்லை.

இலையுதிர் காலத்தில் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியது. அதோடு ஒரு களைப்பு. வேலை செய்த களைப்பு எனக்குத் தெரியும், அது படுத்தால் போகும். இது படுத்து எழும்பினாலும் போகாத களைப்பு. சூப் பானைக்கு முன்னால் நின்றபடியே கண் சொருகும்.

முதல் வைத்தியர் கேட்டார், "உண்ணி கடித்ததா? தோலில் சிவப்பு ஏதும் வந்ததா?" இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை. என் தோலில் வந்தது சிவப்பு இல்லை, கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். சிவப்பா என்று கேட்டால் இல்லை என்றுதானே சொல்வேன்? வேலையைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். இரண்டாவது வைத்தியர் என் பிறந்த இடத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு யுத்தத்தைப் பற்றிக் கேட்டார். நான் முழங்காலைக் காட்டக் காட்ட அவர் என் இளமைக்காலத்தைக் கேட்டார். யுத்தம் எனக்கு நடந்ததுதான், ஆனால் முழங்காலில் நடக்கவில்லை. அதை எரிச்சலோடு சொல்கிற அளவுக்கு அப்போது என் ஜெர்மன் போதாது. நித்திரைக் குளிசை தந்தார்.

இல்லத்தில் இருந்த ஒரு கிழவிதான் தன் ஊர் டொக்டரிடம் போகச் சொன்னா. கூரிலிருந்து சிவப்பு ரயிலில் அரை மணி நேரம். பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊர். கம்பளிக் காலுறைக்கு மேல் செருப்புப் போட்ட, அறுபதைத் தாண்டிய மனிதர். முழங்காலை அழுத்திப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், தோட்டம் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு கேட்டார், "உங்கள் தோலில் சிவப்பு எப்படித் தெரியும்?"

இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. "கறுப்பாய்த் தெரியும்" என்றேன். சட்டென்று கண் நிறைந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி ஒரு தாளை எடுத்து, வட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று வரையச் சொன்னார். வரைந்தேன். இரத்தம் எடுத்தார், முழங்காலிலிருந்து நீர் எடுத்தார். லைம் நோய், இங்கே பொரெலியோஸ் என்பார்கள். நாலு கிழமைக்கு, இருபத்தெட்டு நாளைக்கு, குளிசை எழுதினார்.

நாலு கிழமை முடிய வீக்கம் வற்றியது, களைப்பும் மெல்ல மெல்ல விட்டது. ஆனால் ஒரு குத்து மட்டும் உள்ளே இருந்தது. இன்னும் ஒரு மாதத்துக்குக் குளிசை தாருங்கள் என்று கேட்டேன். தரமாட்டேன் என்றார். கிருமி போய்விட்டது, நோவு ஆறச் சில மாதம் எடுக்கும், குளிசை இனி வயிற்றைத்தான் கெடுக்கும், போதும் என்றார். கெஞ்சிப் பார்த்தேன். போதும் என்றார். வீடு வரும்வரை அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். மூன்று மாதத்தில் குத்து போய்விட்டது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

எனக்குச் சுகமானது தெரிந்ததும் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒருவருக்குக் கைராசி என்றால் பிறகு ஊரே அங்கேதான். முழங்கால் நோ உள்ளவர், இடுப்பு நோ உள்ளவர், நித்திரை வராதவர் என்று எட்டுப் பேர் அந்தச் சிவப்பு ரயிலில் ஏறினார்கள். ஒருவர் இருமலுக்காகப் போனார். நாலு பேருக்கு உண்மையிலேயே அந்த நோய் இருந்தது. அவரிடம் போனவர்கள் என்னோடு சேர்த்து ஒன்பது பேர். அந்தக் காத்திருப்பு அறையில் ஒரு காலத்தில் தமிழ்தான் கூடக் கேட்டது.

அடுத்த வசந்தத்தில் செய்தி வந்தது. அந்த டொக்டரைக் கன்டோன் அலுவலகம், எங்கள் மாநில அரசு, விசாரிக்கிறதாம். ஆட்களுக்குத் தேவையில்லாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊசியாலும், போத்தலில் தொங்கவிட்டு நரம்பில் ஏற்றியும் மருந்து கொடுக்கிறார் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் தொழில் அனுமதியை எடுத்துவிடலாம். மற்றவர்களுக்கு அவர் என்ன கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. மாதக்கணக்கில் மருந்து ஏற்றி, அதனால்தான் எழும்பி நடக்கிறேன் என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆர்? ஆனால் அந்த ஆளின் கதவு பூட்டப்பட்டால், அடுத்த முறை என்னிடம் சிவப்பு வந்ததா என்றுதான் கேட்பார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அது போதுமாக இருந்தது.

நோயாளிகளைச் சேர்த்தவ ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட ரீச்சர், சுவிஸ்காரி. அவரிடம் மாதக்கணக்கில் மருந்து ஏற்றிக்கொண்டவர்களில் அவவும் ஒருவர். தேவாலய மண்டபத்தில் கூட்டம் வைத்தா. நான் அழுகையும் ஆவேசமுமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அங்கே நிகழ்ச்சி நிரல் இருந்தது, குறிப்பெடுக்க ஒருவர் இருந்தார், மேசையில் அக்ரோட்டுக் கேக் இருந்தது. "எங்கள் டொக்டர் இருக்கட்டும்" என்று பதாகையில் எழுதுவதா, அதன் கடைசியில் ஆச்சரியக்குறி போடுவதா என்று முக்கால் மணி நேரம் கதைத்தார்கள். வாக்கெடுப்பு வைத்தார்கள். ஆச்சரியக்குறி தோற்றது. ஒரு மனிதனின் பிழைப்புப் போகப் போகிறது, இவர்கள் குறிக்குக் கை தூக்குகிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் கை தூக்கினேன், போடவேண்டும் என்று.

சனிக்கிழமைச் சந்தையில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினோம். பழைய நகரத்து ஒழுங்கையில், பாற்கட்டிக் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவில் எனக்கு இடம். மூன்று பேர் என்னிடம் சமோசா இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு வயதானவர் கால் மணி நேரம் நின்று, இந்த நோயே பாதி மனப்பிரமை என்று எனக்குப் படிப்பித்துவிட்டு, கடைசியில் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஏன் என்று கேட்டேன். "முடிவு எனக்குப் பிடிக்கும்வரை ஆளைப் பேசவிட வேண்டும்" என்றார். இன்னமும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ரீச்சர் சொன்னா, கையெழுத்து மட்டும் போதாது, நோயாளிகள் ஒவ்வொருவரும் தங்கள் அனுபவத்தை ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று. "தங்கள் சொந்தச் சொற்களில்" என்றா. ஒரு தரம் அல்ல, மூன்று தரம் சொன்னா. விரலை உயர்த்திக்கொண்டு சொன்னா. "உங்கள் தமிழ் நோயாளிகளுக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்று என்னிடம் பொறுப்பும் தந்தா.

நான் எட்டுப் பேருக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னது இதுதான்: "டொக்டருக்காக ஒரு கடிதம் வேணுமாம்."

சொந்தச் சொல் என்பதை விட்டுவிட்டேன். வேண்டுமென்று விடவில்லை. கடிதம் என்று சொன்னால் எங்கள் ஆட்களின் கால் தானாக ஒரு வீட்டை நோக்கித்தான் போகும், அந்த வீட்டுக்குப் போகிற நினைப்பில் மற்றது எனக்கே மறந்துபோய்விட்டது.

கடிதக்கார அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கடின் என்கிற மலைப் பள்ளத்தாக்கு ஹோட்டல்களில் இருபது வருடம் பாத்திரம் கழுவினவர். முதல் வந்தவர்களில் ஒருவர், முதலில் ஜெர்மன் படித்தவர். அகதி விண்ணப்பம், அப்பீல், வீட்டுக்காரனுக்கு முறைப்பாடு, பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதம், எல்லாம் அவர்தான். ஒருவரிடமும் ஒன்றும் வாங்கமாட்டார், ஒரு தேத்தண்ணி மட்டும். எங்களை நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தபோது, மூன்று நாள் இருந்து அப்பீல் எழுதினவர் அவர். முதல் விசாரணையில் நான் ஒரு திகதியை மாற்றிச் சொல்லிவிட்டேன். ஊரில் என் கூடப்பிறந்த அண்ணன் காணாமல்போன நாள். ஒரு கிழமை பிந்திச் சொன்னேன். முரண்பாடு என்று எழுதி நிராகரித்துவிட்டார்கள். அண்ணையின் கடிதம்தான் எங்களை இங்கே இருத்தியது. அவர் எழுதித் தருகிற தாளை அவருக்கு முன்னால் வாசித்துப் பார்ப்பது என்பது, விருந்துக்குப் போன வீட்டில் சோற்றை முகர்ந்து பார்க்கிற மாதிரி. ஒருவரும் செய்வதில்லை. கையெழுத்துப் போடுவோம், தேத்தண்ணி குடிப்போம், எழும்புவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒன்பது பேரும் அவருடைய வீட்டில் இருந்தோம். நான் உளுந்துவடை கொண்டுபோனேன். அண்ணை மடிகணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, சொல்லும். என்ன வருத்தம், எவ்வளவு காலம், டொக்டர் என்ன செய்தவர்?"

"முழங்கால் வீங்கினது அண்ணை. நாலு கிழமை குளிசை தந்தவர். சுகமாப் போச்சு."

"அவ்வளவுதானோ?"

"ஓம். அவ்வளவுதான்."

அவர் நெற்றியைத் தடவினார். "சரி, அதை நான் பாத்து எழுதுறன். நீர் வடையை வையும்."

நான் வடையை வைத்தேன். ஒன்பது கடிதமும் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. வழமையாக ஒரு கடிதத்துக்கு ஒரு பின்னேரம் எடுக்கிறவர். அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்கவேண்டும்.

ரீச்சர் எல்லாக் கடிதத்தையும் பச்சைக் கோப்பில் போட்டு, கையெழுத்துப் பெட்டியோடு கன்டோன் அலுவலகத்தில் கொடுத்தா. படம் எடுத்தோம். படத்தில் நான் சேலையோடு நடுவில் நிற்கிறேன், ரீச்சர்தான் சேலை கட்டி வரச் சொன்னா. சிரிக்கிறேன். அந்தப் படத்தை இப்போது பார்த்தால் அந்தப் பெண்ணின் காதைப் பிடித்து முறுக்கவேண்டும் போல் இருக்கிறது.

இரண்டு கிழமை கழித்து, நான் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசி வந்தது. டொக்டரின் வழக்கறிஞர், ஒரு பெண். "உங்களுக்கு மருந்து ஏற்றியது எத்தனை மாதம்?" என்று கேட்டா.

"என்ன மருந்து ஏற்றினது?" என்றேன்.

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, நாளைக்கு வரமுடியுமா என்று கேட்டா.

போனேன். ஒன்பது கடிதத்தின் பிரதிகளையும் மேசையில் வரிசையாக வைத்திருந்தா. என்னுடையதை எடுத்து வாசித்தேன். நான் படுத்த படுக்கையாகக் கிடந்தேனாம். சக்கர நாற்காலியில் என்னை டொக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்களாம். அவர் ஒரு வருடம் முழுக்க, கிழமைக்கு மூன்று தரம் எனக்கு மருந்து ஏற்றி உயிரைக் காப்பாற்றினாராம். அவர் இல்லாவிட்டால் என் உயிருக்கு ஆபத்தாம். அந்தக் கடைசி வசனத்தை எனக்குத் தெரியும். எங்கள் அப்பீலிலும் இருந்த வசனம் அது. அடுத்த கடிதத்தைப் பார்த்தேன். அவருக்கும் ஒரு வருடம், அவருக்கும் சக்கர நாற்காலி. ஒன்பது பேருக்கும் ஒரே சக்கர நாற்காலி. இருமலுக்குப் போனவரும் அதில்தான் போயிருக்கிறார்.

வழக்கறிஞர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஆறுதலாக விளங்கப்படுத்தினா. அளவுக்கு மிஞ்சி, காலம் கடந்து மருந்து கொடுக்கிறார் என்பதுதான் அவர்மேல் உள்ள குற்றச்சாட்டு. அதை நிரூபிக்க அலுவலகம் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒன்பது பேர், கேட்காமலேயே, கையெழுத்தும் போட்டு, சேலையும் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். டொக்டரின் பதிவேட்டில் நாலு கிழமைக் குளிசை என்று இருக்கிறது. இப்போது பதிவேடு பொய்யா, கடிதம் பொய்யா என்று அவர்கள் கேட்பார்கள்.

"உண்மையில் எவ்வளவு?" என்று கேட்டா.

"நாலு கிழமை. நான் கூடக் கேட்டேன். அவர் தரவில்லை."

வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தா. "கூடக் கேட்டீர்கள், அவர் மறுத்தார். இதை ஏன் நீங்கள் எழுதவில்லை?"

அங்கிருந்து நேரே அண்ணை வீட்டுக்குப் போனேன். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். என் வாழ்க்கையில் அவரிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு நாள்தான்.

"அண்ணை, நான் எப்ப சக்கர நாற்காலியிலை போனனான்?"

அவர் திடுக்கிடவே இல்லை. "தங்கச்சி, உள்ளை வாரும். நாலு கிழமை குளிசை குடிச்சுச் சுகமாப் போச்சு எண்டு எழுதினா ஆர் வாசிப்பான்? அவனுக்கு ஒரு நாளைக்கு நூறு கடிதம் வரும். சின்ன உண்மையை ஒருத்தனும் நம்பமாட்டான். உமக்குத் தெரியாததோ? நீர் உள்ளதைத்தானே சொன்னனீர் முதல் விசாரணையிலை. நம்பினவங்களோ?"

அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நான் கத்துவதற்காகப் போனேன், அந்த மனிதர் என் வாழ்க்கையிலிருந்தே பதிலை எடுத்துத் தந்தார்.

"அது வேறை, இது வேறை அண்ணை" என்றுதான் சொல்லமுடிந்தது.

"எல்லாம் ஒரே மேசைதான் தங்கச்சி" என்றார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன், நான் போய்க் கடிதத்தை மாற்றிச் சொல்லப்போகிறேன் என்று. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை எடுத்துவிட்டார்.

"இஞ்சேரும், உமக்கு விசரோ? குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறம். கன்டோன் அலுவலகத்திலை போய், நான் கையெழுத்துப் போட்டது பொய் எண்டு சொல்லப் போறீரோ? முரண்பாடு எண்டு எழுதுவாங்கள். ஒருக்கா எழுதினது போதாதோ?"

"அப்ப அந்த மனுசன் என்னாலை தொழிலை விடுறதோ?"

"உம்மாலை மட்டுமோ? ஒன்பது பேர் இருக்கினம்."

என்னோடு வந்து கடிதத்தைத் திருத்திச் சொல்லுங்கள் என்று மற்ற எட்டுப் பேருக்கும் தொலைபேசி எடுத்தேன். ஒருவருக்கு வேலை நேரம் ஒத்துவரவில்லை. ஒருவர் அண்ணையைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். இருமல்காரர், "அக்கா, என்ரை கடிதத்தைக் கிழிச்சுப் போடச் சொல்லுங்கோ, என்னைக் கூப்பிட வேண்டாம்" என்றார். எல்லோரும் டொக்டர் நல்லவர் என்று சொன்னார்கள். நல்லவருக்காக ஒரு பின்னேரம் லீவு எடுக்க ஒருவரும் இல்லை. தொலைபேசியை வைத்துவிட்டு நான் வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரத்தையும் கழுவினேன், கழுவியிருந்ததையும் கழுவினேன்.

பிறகு ஒரு தாளை எடுத்து நானே எழுதினேன். எட்டு வரி. இரண்டு பின்னேரம் எடுத்தது. பிழை இருக்கும், திருத்தவில்லை. வட்டம் வந்தது, சிவப்பு இல்லை, கறுப்பு. இரண்டு டொக்டர் நம்பவில்லை. இவர் கேட்டார். நாலு கிழமை குளிசை. நான் இன்னும் கேட்டேன். அவர் போதும் என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இப்போது சுகம்.

விசாரணை நாளில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அறைக்குள் போனதும் பழைய அகதி விசாரணைதான் ஞாபகம் வந்தது. அதே மாதிரி மேசை. அதே மாதிரித் தண்ணீர்க் குவளை. மூலையில் ஒருவர் நான் சொல்வதையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தட்டும் சத்தத்தை நான் இருபத்தைந்து வருடமாக மறக்கவில்லை. எதிரே இருந்த பெண் அதிகாரி இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தா.

"இரண்டும் உங்கள் கையெழுத்து. எது உண்மை?"

"சின்னது" என்றேன்.

"முதலாவதில் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?"

எனக்குத் தெரிந்த சமையலறை ஜெர்மனில் சொன்னேன். முன்னொரு காலத்தில் இப்படி ஒரு அறையில் நான் உண்மை சொன்னேன், ஒரு திகதி மட்டும் பிழை, அதனால் எல்லாமே பொய்யாகிவிட்டது. அதற்குப் பிறகு எனக்காக வேறொருவர் பெரிதாக எழுதினார், அது நல்லதாய் முடிந்தது. அன்றிலிருந்து என் கடிதத்தை நான் வாசிப்பதில்லை. அது என் பிழை, டொக்டரின் பிழை இல்லை. அண்ணையின் பெயரைக் கேட்டார்கள். சொல்லமாட்டேன் என்றேன். கையெழுத்து என்னுடையது, என்னிடமே கேளுங்கள் என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது.

அந்தப் பெண் எட்டு வரியையும் திரும்ப வாசித்தா. "கோபம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் கோபமா?"

"கொஞ்சம்" என்றேன்.

மூலையில் தட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் தட்டினார்.

வெளியே வந்து படியில் இருந்துகொண்டு அழுதேன். பயத்தில்தான். ஒரு மாதமாகத் தபால்பெட்டியை நாளுக்கு இரண்டு தரம் திறந்து பார்த்தேன். எங்கள் குடியுரிமைக்கு ஒன்றும் நடக்கவில்லை. கணவர் தபால் வந்த ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்த்தாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை, அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்லவேண்டும். இன்னும் சொல்லவில்லை.

டொக்டரின் அனுமதி போகவில்லை. ஒரு நிபந்தனை போட்டார்கள்: நீண்ட காலம் மருந்து கொடுப்பதென்றால் இன்னொரு வைத்தியரும் ஒத்துக்கொள்ளவேண்டும். என்னுடைய எட்டு வரி உதவியதாக வழக்கறிஞர் சொன்னா. எவ்வளவு உதவியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ரீச்சருக்கு அது வெற்றியாகத் தெரியவில்லை. இரண்டாவது வைத்தியர் ஒத்துக்கொள்ளாததால் அவவின் மருந்து நின்றுபோனது. போதும் என்று சொல்கிற டொக்டர் என்று நான் எழுதினதுதான் அதற்கு வழி விட்டது என்று நினைக்கிறா. சந்தையில் என்னைக் கண்டால் பூக்கடைப் பக்கம் திரும்பிவிடுவா. எங்கள் ஆட்களோ நான் அண்ணையைக் காட்டிக்கொடுத்தேன் என்று கதைத்தார்கள். இரண்டு பக்கத்திலும் எனக்கு ஒரு நல்ல பெயர் இல்லை.

இந்தப் பனிக்காலம் முழங்கால் மறுபடி வீங்கியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். என் டொக்டர் இருக்கிறார், நான் காப்பாற்றி வைத்த டொக்டர். அந்தச் சிவப்பு ரயிலில் யன்னலோரம் இருந்து, குளிசையை வழமைபோல இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கவேண்டும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

அவர் அழுத்திப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார். இரத்தம், படம், எல்லாம் எடுத்தார். அடுத்த கிழமை கூப்பிட்டுச் சொன்னார், இது பொரெலியோஸ் இல்லை. தேய்மானம். பதினெட்டு வருடம் சீமெந்துத் தரையில் நின்றது. குளிசை இல்லை, உடற்பயிற்சி செய்யுங்கள், கொஞ்சம் மெலியுங்கள்.

"பழைய கிருமி திரும்பி வந்திருக்கலாம்தானே?" என்றேன்.

"இல்லை" என்றார்.

"எதற்கும் ஒரு நாலு கிழமை..."

"இல்லை" என்றார். கம்பளிக் காலுறையோடு எழும்பி வந்து கதவைத் திறந்துவிட்டார். அந்த விசாரணை அறை, அந்த மேசை, அந்தத் தட்டும் சத்தம், ரீச்சரின் முகம் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன. இந்த மனிதனுக்காக நான் எவ்வளவு பட்டேன், எனக்கு ஒரு பெட்டிக் குளிசை எழுதித்தர இவருக்கு மனம் வரவில்லையே என்று ரயில் முழுக்கப் பொருமினேன்.

வீட்டுக்கு மூன்று மாடி ஏறவேண்டும். ஒவ்வொரு படியிலும் முழங்கால் தன் கருத்தைச் சொன்னது. கதவைத் திறந்தால் கணவரோடு அண்ணை இருந்தார், முன்னால் தேத்தண்ணி. என்னோடு ஒரு வருடமாகக் கதைக்காதவர் அன்றைக்கு வந்திருந்தார். எனக்குக் கால் நோ என்று கேள்விப்பட்டு வந்தாராம்.

"என்னவாம் டொக்டர்?" என்றார்.

"தேய்மானமாம். மருந்தில்லையாம்."

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "உது சரிவராது தங்கச்சி. பெரிய ஆசுப்பத்திரிக்கு ஒரு கடிதம் போடுவம். நான் எழுதுறன்." சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். கண்ணாடி முன்னையதைவிடத் தடிப்பாக இருந்தது. வயது போய்விட்டது அவருக்கும்.

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுதினால் பெரிய ஆசுப்பத்திரி என்னைச் சக்கர நாற்காலியோடு எதிர்பார்த்து நிற்கும். மருந்தும் கிடைக்கலாம்.

"வேண்டாம் அண்ணை" என்றேன். "அவர் சொல்லுறது உண்மை."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"முதல் தரமும் அவர் இப்பிடித்தான் சொன்னவர். அதைத்தானே நான் அங்கை போய்ச் சொன்னனான்."

அண்ணை கண்ணாடியைக் கழற்றவில்லை, எழுதவும் இல்லை. நான் அவருக்கு இன்னொரு தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். முழங்கால் உயிர் போகிற மாதிரி நொந்தது, எனக்கு அழுகையே வந்தது, ஆனால் நான் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.